மச்சினனுக்குத் தெரியக்கூடாத தொகை

அந்த நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள், பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கும் ஒன்று நீட்டினான். 'வருமான வரி ரீஃபண்டுக்கு இனிக் காத்திருக்க வேண்டாம், இன்றே கையில் பணம்.' நான் முதலில் வாங்கியபோது பச்சைக் காகிதம், இப்போது மஞ்சளாக்கிவிட்டான். வாசகம் மட்டும் மாறவில்லை. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, கிழித்துப் போடச் சொல்லவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், அங்கே வெயில் ஏறுகிறது. விருதுநகர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். ராத்திரி வேலை முடித்து வருகிறவனுக்குக் கண் எரியுமே தவிரத் தூக்கம் வராது. பேசிக்கொண்டே போகலாம்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். ஜெனரேட்டர், ஆக்சிஜன் குழாய், லிஃப்ட், ஏசி, ராத்திரியானால் எல்லாமே என் பொறுப்பு. கரண்ட் போனால் எத்தனை நொடியில் ஜெனரேட்டர் எடுக்கிறது என்பதில் ஐசியுவில் கிடக்கிற உயிர் தொங்குகிறது. நான் படித்தது பத்தாவது. மிச்சமெல்லாம் பழைய மோட்டாரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி நானாகக் கற்றுக்கொண்டது.

என் மனைவி வீட்டாருக்கு நான் மெயிண்டனன்ஸ் சூப்பர்வைசர். பெண் பார்க்கப் போனபோது தரகர் போட்ட போடு அது. நான் மறுக்கவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டது. சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது பாருங்கள். ராத்திரியில் அங்கே எனக்கு மேலே ஒருவரும் இல்லை. கீழேயும் ஒருவரும் இல்லை, அது வேறு விஷயம்.

சம்பளம் நாற்பத்தைந்து என்று சொல்லி வைத்திருந்தேன். கையில் வருவது பதினேழரை. பேப்பரில் பத்தொன்பதரை, அதில் பத்து சதவீதம் வரி என்று மாசாமாசம் பிடித்துவிடுவான் காண்ட்ராக்ட் கம்பெனிக்காரன். எங்களையெல்லாம் 'ஆலோசகர்' என்று எழுதி வைத்திருக்கிறான். பி.எஃப். கட்ட வேண்டாம் பாருங்கள், அதற்காக. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற ஆலோசகர். என் வருமானத்துக்கு வரியே கிடையாது, பிடித்ததைக் கேட்டால் கவர்மெண்ட் திருப்பிக் கொடுக்கும், இந்தச் சங்கதியே எனக்கு ரொம்பக் காலம் தெரியாது. தெரிந்த பிறகும் கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் மனைவி சண்முகக்கனிக்கு ஒரே தம்பி, வெயிலுமுத்து. விருதுநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். சாது. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். ஜூன் மாசம் பிறந்தால் போதும், போன் பண்ணுவான். "அத்தான், உங்க ஆஸ்பத்திரில காண்ட்ராக்ட் ஆளுங்க யாராச்சும் ரிட்டர்ன் போடாம இருந்தா அனுப்புங்க. காசு வேண்டாம், சும்மா போட்டுத் தரேன்."

நான் என்ன சொல்லுவேன்? "நமக்குக் கீழ இருக்குற பசங்ககிட்டச் சொல்றேன் மாப்ள" என்பேன்.

"சரிங்க அத்தான். உங்களுக்கு எதுவும் இருந்தாலும்..."

"எனக்கெல்லாம் கம்பெனி ஆடிட்டரே பாத்துக்கிடுவாரு."

"சரிங்க அத்தான்."

அவன் முன்னால் போய் உட்கார்ந்தால் ஆதாரைக் கேட்பான், பான் கார்டைக் கேட்பான், ஒரு பட்டனைத் தட்டினால் என் சம்பளம் மொத்தமும் திரையில் வந்து நிற்கும். அதற்கு நான் ஜெனரேட்டர் சைலன்சருக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஆனால் சொன்ன வாக்குக்காக ஒருத்தனை அனுப்பி வைத்தேன். இசக்கி என்று வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். போனான், போட்டான், ரெண்டு வாரத்துக்குள் பணம் அவன் அக்கவுண்டில் வந்து விழுந்தது. ஒரு பைசா செலவில்லை. எனக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணே, உங்க மச்சினன் தங்கமான மனுசன்ணே, நீங்க போட்டாச்சா?" என்றான். போட்டாச்சு என்றேன்.

இந்த வருஷம் என் மகள் தர்ஷினி பிளஸ் டூ முடித்தாள். மார்க் நன்றாகவே வாங்கினாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது அல்லவா, அதுதான் வேண்டும் என்றாள். சின்ன வயசில் என் டிபன் பாக்ஸை வாங்க ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எக்ஸ்ரே ரூம் வாசலில்தான் நிற்பாள். மதுரையிலேயே ஒரு காலேஜில் சீட் கிடைத்தது. முதல் தவணை இருபத்தெட்டாயிரம், ஜூலை முதல் வாரத்துக்குள் கட்ட வேண்டும்.

கனி சொன்னாள், "தம்பிகிட்டக் கேப்போம்."

"என்னன்னு கேப்ப? மாசம் நாப்பத்தஞ்சு வாங்குறவன் இருபத்தெட்டுக்கு உன் தம்பிகிட்டக் கை ஏந்துறான்னு கேப்பியா?"

"ரிட்டர்னாவது போட்டுத் தரச் சொல்லுங்க. அந்தப் பணம் வருமாமே, இசக்கி சம்சாரம் சொல்லுது."

"உன் தம்பி பேச்ச எடுத்தா நடக்குறதே வேற."

அன்றைக்குப் பார்த்துத்தான் பச்சைக் காகிதம் என் கைக்கு வந்தது.

ஒரு கடைக்கு மேலே மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். ஏசி போட்டிருந்தான். ஜோதிராஜ் என்று பேர் சொன்னான், முப்பது வயசு இருக்கும், விபூதி, கைகூப்பல். என் பான் கார்டை வாங்கித் தட்டினான். என் சம்பளம் திரையில் வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "டீ சொல்லவா சார்?" அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் என்னை சார் என்றான் தம்பி. அதில் விழுந்தவன்தான் நான்.

"உங்களுக்கு இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் வரணும் சார். ஆனா கவர்மெண்ட் காரியம், மூணு மாசம் ஆகும், ஆறு மாசமும் ஆகும். நாங்க இன்னைக்கே பதினஞ்சு தந்துருவோம். பணம் வந்ததும் முழுசும் எங்களுக்கு. அவ்வளவுதான்."

"எட்டாயிரம் போகுதே."

"பொண்ணு சீட் போனா வருமா சார்?"

ஏடிஎம் கார்டையும் ரகசிய நம்பரையும் வாங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டினான். எங்கள் பக்கம் அது புதுசில்லை, மில் ஆட்கள் நகை மாதிரி ஏடிஎம் கார்டைத்தான் அடகு வைப்பார்கள். ரெண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆதாருக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். பிறகு கேட்டான், "வருமான வரி மெசேஜ் எல்லாம் எந்த நம்பருக்கு வரணும் சார்? ராத்திரி டூட்டி பாக்குறவங்க, பகல்ல தூங்குறப்ப டிங் டிங்னு அடிச்சா தூக்கம் கெடும். நம்ம சென்டர் நம்பரே போட்டுக்கிடவா?"

என் தூக்கத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. போட்டுக்கோங்க என்றேன். பேங்கில் இருந்ததோ என் பழைய நம்பர், ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போனது. ஆகப் பணம் வந்தாலும் எனக்குத் தெரியாது, போனாலும் தெரியாது. இப்படி ஒரு கதவைக் கூடப் பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் திறந்து கொடுத்துவிட்டு, அவன் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டு இறங்கினேன்.

அந்தப் பதினைந்தை அன்றே காலேஜில் கட்டினேன். மிச்சத்துக்கு ஜூன் சம்பளம் இருக்கிறது, கட்டிவிட்டுக் கடையில் கடன் சொல்லிச் சமாளிக்கலாம் என்று கணக்கு. சம்பளம் விழுகிற அன்று கார்டைக் கேட்டு மாடி ஏறினேன்.

"ரீஃபண்ட் இன்னும் வரலையே சார். தாமத வட்டி ஓடுது. உங்க சம்பளத்துல எடுத்துக்கிட்டோம். தாள்ல இருக்கு பாருங்க, கையெழுத்து உங்களதுதானே?"

என்னுடையதுதான். தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தேன், தாள் முழுக்க இங்கிலீஷ்.

அக்கவுண்டில் முந்நூறு ரூபாய் விட்டு வைத்திருந்தான். காலேஜ் ஆபீஸில் போய் நின்றேன். நாலு நாள் அவகாசம் கேட்டேன். அந்த அம்மா, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றாள். சூப்பர்வைசர் என்றேன். "அப்புறம் என்ன சார்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சீட் போனது. கட்டின பதினைந்தில் பிடித்தம் போக மிச்சத்தைப் பிறகு தந்தார்கள், அது கடைக்கடனுக்குச் சரியாகப் போனது.

கனி அப்போதும் சொன்னாள். "ஒரு போன் போடுறேன், அவன் காலையிலயே வந்து நிப்பான்." போடக்கூடாது என்று அவள் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். ஆம்பளை என்று ஒன்று இருக்கிறதே.

ரெண்டு நாள் கழித்துத் தர்ஷினி அவளாகவே வந்து, "அப்பா, எனக்கு பி.காம்தான்ப்பா பிடிக்கும். விருதுநகர்லயே சேந்துக்கிடுறேன், மாமா வீட்ல தங்கிக்கிடுறேன்" என்றாள். எனக்குப் பாரம் இறங்கியது. பிள்ளைகள் மனசு இப்படித்தான் மாறும், நாம்தான் வீணாக உருகுகிறோம். கனி சொல்கிறாள், இன்னமும் அவள் போனில் எலும்புப் படமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. அது பொழுதுபோக்கு. நீங்கள் கூடத்தான் கிரிக்கெட் பார்ப்பீர்கள், அதற்காக மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா?

இனிமேல்தான் விஷயம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயிலுமுத்து வந்தான், கையில் பொரித்த பரோட்டா பார்சல். தர்ஷினியும் கூட வந்திருந்தாள். நாலு பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் தர்ஷினியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த சீட் போனதில் அவனுக்கு என்னைவிட வருத்தம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஏதோ ஒரு ஆற்றாமையில் சட்டென்று வாய்விட்டான்.

"உங்க கம்பெனி ஆளுங்களுக்கெல்லாம் ஜூலைக்கு முன்னாலயே ரீஃபண்ட் வந்துருச்சே அத்தான். உங்களுக்கு இருபத்து மூவாயிரத்து நானூறு வரலையா? அது வந்துருந்தா சீட்டு..."

பரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றது. என் கையும்தான், அவன் கையும்தான்.

"இல்லத்தான்... சூப்பர்வைசர் கிரேடுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு... சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்."

குத்துமதிப்பில் நானூறு வருமா தம்பி?

விஷயம் இவ்வளவுதான். கம்பெனிக்காரன் எங்களிடம் பிடித்த வரிக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பேர் பேராக அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுகிற ஆடிட்டர் ஆபீஸ் என் மச்சினன் ஆபீஸ். தட்டுகிற விரல் என் மச்சினன் விரல். எட்டு வருஷமாக. என் பேர், என் பான் நம்பர், என் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு, அதற்கு முன்னால் பதினெட்டு, அதற்கும் முன்னால் பதினாலு. எல்லாம் அவன் கையால் தட்டியவை. தட்டிவிட்டு, சாயங்காலம் போன் பண்ணி, "அத்தான், உங்களுக்குக் கீழ எத்தன பேரு இப்ப?" என்று கேட்டிருக்கிறான். நானும் பதினாறு பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை தம்பி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சால்னா ஊத்தட்டுமா?" என்று கேட்டாள் கனி. தர்ஷினி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு கனியைப் பிடித்துக்கொண்டேன், உனக்கு எப்போது சொன்னான் என்று.

"அவன் ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்கு அவன் சொல்லணுமா? பத்தொன்பது வருசமா ரேசன் அரிசியில சோறு பொங்குறவளுக்கு உங்க சம்பளம் தெரியாதா?"

"அப்ப ஏன்டி உங்க வீட்ல நாப்பத்தஞ்சுன்னு சொன்னப்பல்லாம் பேசாம இருந்த?"

"நீங்க சந்தோசமா சொன்னீங்க."

மறுநாள் பச்சைக் காகிதக் கதையைக் கேட்டுவிட்டு வெயிலுமுத்து பேங்குக்கு என்னைக் கூட்டிப் போனான். பாஸ்புக்கில் வரவு செலவு போட்டுப் பார்த்தால், ரிட்டர்ன் போட்ட ஒன்பதாம் நாளே ரீஃபண்ட் வந்திருக்கிறது. ஒன்பது நாள் தம்பி. காலேஜ் கெடு தேதிக்கு முன்னாலேயே முழுசாக வந்து, வந்த அன்றே முழுசாகப் போயிருக்கிறது. ஜோதிராஜ் அதற்கப்புறமும் 'வரவில்லை' என்று சொல்லிச் சொல்லி ரெண்டு மாசச் சம்பளத்தில் கை வைத்திருக்கிறான். அங்கேயே கார்டை முடக்கச் செய்தான் மச்சினன். போலீஸில் எழுதிக் கொடுப்போம் அத்தான் என்றான். மாடிக்குப் போனால் பூட்டு. இப்போது வேறு மாடியில், வேறு பேரில் மஞ்சள் காகிதம்.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிடித்த வரி திரும்ப வர யாருடைய தயவும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். கடைசித் தேதி வரைக்கும் இழுக்காமல் ஜூனிலேயே போடுங்கள். அரசாங்க வலைத்தளத்தில் காசில்லாமல் போடலாம். உங்கள் நம்பர், உங்கள் பேங்க் அக்கவுண்ட். போட்ட கையோடு ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி பண்ணிவிட வேண்டும், அதைப் பண்ணாமல் விட்டால் தூங்கும். சிலருக்கு ரெண்டு வாரம், சிலருக்கு ரெண்டு மாசம் ஆகலாம். ஆனால் வரும். தெரியாவிட்டால் தெரிந்த சொந்தக்காரனைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் பட்ட மாதிரி என்று சொல்ல வரவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஜோதிராஜ் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. திருடன், திருடினான். என் ஆத்திரமெல்லாம் வெயிலுமுத்து மேல்தான். எட்டு வருஷம் தெரிந்துகொண்டே ஒருத்தன் 'சரிங்க அத்தான், சரிங்க அத்தான்' என்று இருப்பானா? முகத்துக்கு நேரே ஒரு தடவை, 'யோவ், உன் சம்பளம் எனக்குத் தெரியும், வா இங்க' என்று சட்டையைப் பிடித்திருந்தால் என் மகள் இன்றைக்கு எக்ஸ்ரே ரூமுக்குள்ளே நிற்பாளா மாட்டாளா? அழுத்தக்காரன். அவன் மரியாதை கொடுத்துக் கொடுத்தே என்னைக் கவிழ்த்துவிட்டான்.

கள்ளிக்குடி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது.

இப்போது அவன் ஒரு யோசனை சொல்கிறான். முந்தின வருஷங்களில் பிடித்ததையும் கேட்கலாமாம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வேண்டுமாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கிடைத்தால் அடுத்த வருஷம் தர்ஷினி அந்தப் படிப்பிலேயே சேரலாம் என்கிறான். வயசு ஒன்றும் போய்விடவில்லை. அதற்கு நான் நேரில் போக வேண்டும், என் போனுக்கு ஓடிபி வரும், கையெழுத்து வேண்டும். ஒரு மணி நேர வேலை.

மூன்று சனிக்கிழமையாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் ஊர் திருமங்கலம், அதைத் தாண்டி டிக்கெட் எடுத்து விருதுநகர் வரைக்கும் வருகிறேன். இறங்கி ஒரு டீ குடிப்பேன். ஆபீஸ் இருக்கிற தெரு முனை வரைக்கும் நடப்பேன். பிறகு மதுரை பஸ் வரும், ஏறிவிடுவேன்.

மச்சினன் முன்னால் உட்காரத் தயார் தம்பி. அவனிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் தர்ஷினி காலேஜ் முடிந்த நேரங்களில் அங்கே போய்க் கணக்கு வேலை கற்றுக்கொள்கிறாள். லீவு நாளில் காலையிலிருந்து அங்கேதான். இந்தக் காலாண்டுக் கணக்கு, எங்கள் கம்பெனியுடையது, பேர் பேராக... அதைத் தட்டுகிறவள் இப்போது அவள். போன வாரம் கனி பெருமையாகச் சொன்னாள். நூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்களாம் பட்டியலில். என் பேர் வந்த இடத்தில் அவள் விரல் நின்றிருக்குமா, நிற்காமல் அடுத்த பேருக்குப் போயிருக்குமா? அதை யாரிடம் கேட்பது?

இருங்கள், போன். தர்ஷினிதான்.

சொல்லும்மா. ம். ம். இல்லம்மா, கிளம்பல இன்னும். மீட்டிங்ல இருக்கேன். ஆமா, ஆஸ்பத்திரிலதான். இது... இது வெளிய ஏதோ சத்தம். கேக்குதா? ம். சரிம்மா. வச்சிடட்டுமா?

கண்டக்டரைப் பார்த்தீர்களா, நான் பேசுகிற நேரம் பார்த்துத்தான் 'விருதுநகர் எல்லாம் முன்னால வா, விருதுநகர் இறங்கு' என்று என் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறான். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்காது. கேட்ட பிறகும் என்ன சொன்னாள் தெரியுமா? "சரிங்கப்பா. மீட்டிங் முடிச்சுட்டு மெதுவா வாங்க. நான் இங்க ஆபீஸ்லதான் இருப்பேன்." அவ்வளவுதான். குரலில் ஒரு சின்னச் சுருக்கம் கூட இல்லை. அவள் மாமா பேசுகிற அதே பக்குவம், நாலு மாசத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நீங்கள் முதலில் இறங்குங்கள் தம்பி. எனக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது.